படகுக்காரன் தொண்ணூற்றொன்பதில் சாகவில்லை

டேய் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ரெண்டு விஷயம் கேட்டாய். ரெண்டுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அம்மாவின் முதல் வருஷப் படையலுக்கு நான் வரணுமா நைனா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். அப்புறம், இந்த ஒரு வருஷத்தில் நாலாவது தடவையாக, "அம்மா கடசியா இன்னா பேசிச்சி?" என்று கேட்டாய். அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கடை இட்லிதான். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இப்போது தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் பிடிபடவில்லை. ஏற்கெனவே நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. எங்கே தொட்டாலும் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று வந்து நிற்கிறது. அதனால் உன் ஜப்பான்காரன் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

ஆமாம், அந்த சாமுராய்ப் பொம்மைக் கதையை நான் முழுசாகப் பார்த்தேன். நம்ப மாட்டாய். நீயும் உங்கம்மாவும் அதைப் பார்த்தபோது நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கு நீ புனேவில் போனைக் காதில் வைத்துக்கொண்டும், அவள் இங்கே டி.வி. முன்னால் காலை நீட்டிக்கொண்டும், ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் பட்டனை அமுக்குவீர்கள். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை நீ அங்கிருந்து தமிழில் சொல்லச் சொல்ல, அவள் இங்கே ம் கொட்டுவாள். நான் மடையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து வாசலில் நிற்பேன். சோறு போட ஆளிருக்காது. நடவுக்குப் போய் இடுப்பு ஒடிந்து வந்தவள் பொம்மை பார்க்கிற வயசா இது என்று கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஜப்பான் பேரெல்லாம் வாயில் நுழையாமல் அவளே எல்லாருக்கும் பேர் வைத்திருந்தாள். சண்டையே வேண்டாம் என்று கத்தியை மூட்டை கட்டிவிட்டு ஆற்றில் ஓடம் விடுகிற சாமுராய், படகுக்காரன். கரையில் ஏதோ நீளநீளமாக வேகவைத்து விற்கிற தடியன், சேமியாக்கடைக்காரன். எந்நேரமும் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பவள், வெள்ளைப் புடவைக்காரி. சாப்பிடும்போது அவர்களைப் பற்றி என்னிடம் சொல்ல வருவாள். சொந்தக்காரர்களுக்கே பதில் சொல்லி முடியவில்லை, இவர்கள் வேறா என்று நான் வாயை அடைத்துவிடுவேன்.

அப்படிப்பட்டவன் இந்தச் சித்திரையில் ஏரி வற்றி மடையில் வேலை இல்லாமல் போனதும், நீ அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவை நானே சொருகிவிட்டு உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்பதற்கும் நீ கேட்ட கேள்விக்கும் ஒரே பதில்தான். வருகிறேன், அவசரப்படாதே.

நான் இந்த ஊருக்கு நீர்க்கட்டி. எந்தக் கழனிக்கு முதலில் தண்ணீர் திருப்ப வேண்டும், எதற்கு அப்புறம், எந்தக் கால்வாயை எப்போது அடைக்க வேண்டும் என்று ஒரு எழுத்து எழுதி வைத்ததில்லை. எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது. முறை மாறிவிட்டது என்று ஒருத்தன் இன்றுவரை என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவனை உன் பென் டிரைவ் பைத்தியமாக்கிவிட்டது. முதல் எபிசோடு ஒன்று என்று வந்தது, சரி. அது முடிந்ததும் டி.வி. தானாக அடுத்ததைப் போட்டது. அது பத்து. அதற்கடுத்தது நூறு. அப்புறம் நூற்றொன்று, நூற்றிரண்டு. நூற்றொன்பதுக்கு அப்புறம் பதினொன்று. ஜப்பான்காரன் இப்படித்தான் எண்ணுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது, நீயே சொல்.

ஒன்றில் படகுக்காரனும் சேமியாக்கடைக்காரனும் ஒருத்தரை ஒருத்தர் வெட்ட நிற்கிறார்கள். பத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். நூறில் சேமியாக்கடைக்காரனுக்குக் கல் நட்டு விளக்கு வைக்கிறார்கள். அட, இவ்வளவு சீக்கிரமா என்று எனக்குக் கஷ்டமாகிவிட்டது. பதினொன்றில் அந்த ஆள் உட்கார்ந்து வழித்து வழித்துச் சாப்பிடுகிறான். செத்தவனுக்குத் தம்பியாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் ஒரு மாசம் அவனைத் தம்பியாகவே வைத்துத்தான் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை நூற்றுப் பத்தொன்பதில் வில் எடுத்துச் சண்டை போடுகிறாள், அடுத்ததாக வந்த பன்னிரண்டில் அவளே துணியில் சுற்றிய குழந்தை. இருநூற்றுப் பதினாறில் தலை நரைத்த ஒருத்தன் ஓடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் படகுக்காரனுடைய அப்பன் என்று நினைத்தேன். இதில் கீழே வருகிற எழுத்தை நான் நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்ட வேண்டும். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். வெயிட், டை, மை லார்ட், இந்த மூன்றும்தான் பழகியது. மூன்றையும் வைத்துக்கொண்டு ரெண்டரை மாசம் ஓட்டினேன்.

ஆனி மாசக் கடைசியில் கடைசி எபிசோடு வந்தது. தொண்ணூற்றொன்பது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, அமுக்கிப் பார்த்தேன், திரும்ப ஒன்றுக்கே போனது. அதில் படகுக்காரனை முதுகில் குத்திவிடுகிறார்கள்டா. தண்ணீரில் விழுகிறான். அவன் தொப்பி மட்டும் மிதந்து போகிறது. திரை இருட்டாகி ஒரு பெண் குரல் பாடுகிறது. நான் எழுந்து போய் உங்கம்மா படத்துக்கு முன்னால் நின்றேன். "செத்துட்டான்மே, உன் படகுக்காரன். தண்ணில வுழுந்துட்டான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். ஒரு பொம்மைக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆடி பிறந்து ரேஷன் கார்டைத் தேடியபோதுதான் பீரோவில் அந்தப் பட்டியல் கிடைத்தது. ஆதார் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். உன் கையெழுத்து. ஒன்று முதல் ஐம்பத்தெட்டு வரை முதலில். அப்புறம் தனியாக இருக்கிற ரெண்டு கதை. அது படகுக்காரனின் சின்ன வயசுக் கதைதான், ஆனாலும் முதலிலேயே பார்க்கக் கூடாது, பார்த்தால் வெள்ளைப் புடவைக்காரி யார் என்று தெரிந்துவிடும். பிறகு ஐம்பத்தொன்பது முதல் நூற்று நாற்பது. முதல் படத்தைத் தொட வேண்டாம், பழசையே சுருக்கிச் சொல்லியிருப்பான். பிறகு நூற்று நாற்பத்தொன்று முதல் இருநூற்றுப் பதினாறு. அப்புறம் முடிவு என்று பேர் போட்ட படம், அது முடிவு இல்லை. அதற்கப்புறம் இன்னொரு படம், அதுதான் முடிவு. இப்படி எழுதியிருந்தாய். ஏன்டா, முடிவு என்று பேர் வைத்துவிட்டு முடிக்காமல் போனவனைக் கேட்க அந்த ஊரில் ஆளே இல்லையா? கீழே ஒன்று முதல் இருநூற்றுப் பதினாறு வரை கட்டம் போட்டு எண் எழுதியிருந்தாய். பார்த்து முடித்ததற்கெல்லாம் உங்கம்மா நீல பேனாவில் டிக் அடித்திருந்தாள். தொண்ணூற்றொன்பதுக்குப் பக்கத்தில் அவள் கோணல் எழுத்தில் "பாவிங்க" என்று இருந்தது. நூற்று மூன்றுக்குப் பக்கத்தில் "வந்துட்டான்" என்று இருந்தது. டிக் நூற்றுப் பன்னிரண்டோடு நின்றிருந்தது.

ஒன்றில் தொடங்குகிற எண்ணெல்லாம் முதலில், ஒன்பதில் தொடங்குவது கடைசியில் என்று டி.வி. அடுக்கியிருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. எப்போதோ பார்த்து முடித்து, அவன் பிழைத்து வந்ததும் தெரிந்தவளிடம் போய், அவன் செத்துவிட்டான் என்று நான் சாவுச் சேதி சொல்லியிருக்கிறேன். கேட்டு அவள் எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. சாவுச் சேதியை முறையில்லாமல் சொல்வது எனக்கு இது முதல் தடவை இல்லையே என்று தோன்றிவிட்டது.

அம்மா போன மறுநாள் நீ உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதை நான் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். தோளில் பையோடு இறங்கி, அம்மாவுக்கு என்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாய். எதிர்ச் சுவரில் உங்கம்மா முகம். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கீழே துயரத்தில் வாடும் குடும்பத்தார் என்று என் பேர், அதற்கடுத்து உன் பேர். உனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நீ துக்கப்படுவதாக அச்சடித்து ஒட்டியிருந்தோம். பழத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாயாம். முந்தின நாள் சாயங்காலம் அம்மாவுக்கு சீரியஸாக இருக்கிறது, உடனே கிளம்பி வா என்று போனில் சொன்னது நான்தான். நம் ஊர்ப் பக்கம் தூரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் சொல்வார்கள், ரயிலில் தனியாக வருகிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று. எல்லாரும் சொல்கிற பொய்தான். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். நீ மட்டும் நம்பிவிட்டாய், வருகிற வழியெல்லாம் ஆஸ்பத்திரியில் அவளோடு உட்கார்ந்து பார்க்க நூற்றுப் பதின்மூன்றை போனில் ஏற்றிக்கொண்டு வந்தாய். உன் மாமன் போஸ்டர் ஒட்டலாமா என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிள்ளை வந்து சேரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் புரியவில்லை.

சரி, இப்போது நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இடையில் எதையும் விடப் போவதில்லை.

திங்கட்கிழமை காலையில் உடம்பு அனலாக அடிக்கிறது, குளிர்கிறது என்றாள். ஐப்பசி மழையில் ஏரி ஏறிக்கொண்டிருந்தது. மடையை விட்டு நகர முடியாது என்றேன். ஒரு மாத்திரை போட்டுப் படு என்று சொல்லிவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை கரையில் ஒரு இடத்தில் கசிந்தது. மணல் மூட்டை போட ஆட்களோடு நின்றேன். மத்தியானம் சாப்பிட வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. சோறு ஆக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்பிப் போனேன். புதன்கிழமை குழாயடியில் விழுந்துவிட்டாள். தெருவில் இருந்தவர்கள்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள், நான் பின்னால் ஓடினேன். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷக் காய்ச்சல் ரத்தத்தில் ஏறிவிட்டது, ரெண்டு நாள் முன்னாடி கூட்டி வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ரெண்டு நாளும் நான்தான் கண்ணு. அன்றைக்கு ஏழு மணிக்கு நீ போன் பண்ணினாய், நூற்றுப் பதின்மூன்று பார்க்க. அவள் தூங்குகிறாள், லேசான ஜுரம் என்றேன். அவள் தூங்கவில்லை. நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் தெளிவாகப் பேசினாள். நீ கேட்டது இதுதான். "அவன வரச் சொல்லுய்யா" என்றாள். டிரெய்னிங் முடிந்தால் வேலை நிரந்தரமாகிவிடும், இந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். அப்புறம், "அப்ப போன்லயாவது கேளு. வரிசையெல்லாம் வாணாம். அந்தப் படகுக்காரன் கடசில இன்னா ஆனான்னு மட்டும் கேட்டு வந்து சொல்லு" என்றாள். நீ வாய் தவறி அடுத்த கதையைச் சொல்லிவிட்டால் போனிலேயே திட்டுவாளே, அவள்தான் கேட்டாள். முதலில் உடம்பு தேறட்டும், அப்புறம் நீயே பார்த்துக்கொள் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் தண்ணீர் கேட்டாள், அவ்வளவுதான். சாயங்காலம் போய்விட்டாள்.

வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்டா. உன் நம்பரை எடுத்தேன். படகுக்காரன் கடைசியில் என்ன ஆனான் என்று நான் கேட்டால், உங்கம்மா கேட்கிறாள் என்று சொன்னால், உனக்கு அந்த நிமிஷமே புரிந்துபோகும். முடிவைக் கேட்கிற ஆளா அவள்? நீ கிளம்பி வந்திருப்பாய். வந்தால் எப்போதிலிருந்து ஜுரம் என்று கேட்பாய். ஏன் புதன்கிழமைதான் கூட்டிப் போனாய் என்று கேட்பாய். உன் வேலைக்காக மறைத்தேன் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனைத் திரும்பப் பையில் போட்டது இந்தப் பயத்தில்தான்.

இதைவிடக் கேவலம் அப்புறம் நடந்தது. பிள்ளைக்கு ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று பந்தலில் யாரோ கேட்டார்கள். அவள்தான் சொல்லாதே என்றாள், பிள்ளை வேலை கெட்டுவிடும் என்றாள் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. தாய் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெருவே அழுதது. பதினாறாம் நாள் உன்னிடமும் அதையே சொன்னேன். நீ எழுந்து போனாய். அம்மா நம்மை வேண்டாம் என்றாளா என்று நீ ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நாலு தடவை கேட்டாய். நாலு தடவையும் அடுப்பு, மாடு, சிக்னல் இல்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்தேன். வீட்டில் மாடும் இல்லை.

அவள் கேட்ட ஒன்றையாவது தெரிந்து சொல்லிவிடலாம் என்றுதான் சித்திரையில் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். அதையும் தப்பாகத்தான் சொன்னேன். அந்தக் கடைசிப் படம் பென் டிரைவில் தனிப் பெட்டியில் இருக்கிறது, இப்போது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். திறக்கவில்லை. திறந்து என்ன பிரயோஜனம், எனக்கு மூன்று வார்த்தைதான் தெரியும். இருநூற்றுப் பதினாறையும் பார்த்துவிட்டுப் படகுக்காரனைத் தெரியாதவன் நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன். புரியாவிட்டாலும் ம் கொட்டுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் என்று ஆரம்பித்துவிட்டு ஒன்றாவது சொல்லாமல் விட மனசு வரவில்லை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் ஆகும். அவர்கள் நல்லதுக்கு என்று நினைத்து எதையும் பின்னால் தள்ளிப் போடாதே. அவர்கள் தாங்குவார்கள். தாங்க முடியாதது உனக்குத்தான் என்பது அப்புறம்தான் தெரியும். சாப்பாட்டுக்குக் கத்தாதே. இதுவும் சேர்த்து எழுதிக்கொள்.

உன் மாமன் முந்தாநாள் வந்தார். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி போஸ்டர் அடித்துக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒட்டப் பையன்கள் கேட்டார்கள். என் பிள்ளை வந்து இறங்கி வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்தச் சுவரில் எவனாவது ஒட்டினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். கட்டு பரண்மேல் இருக்கிறது. ஒட்டுவதா வேண்டாமா என்று நீ சொல். இந்தக் கடிதத்தைப் படையலன்று பந்தலில் எல்லாருக்கும் முன்னால் படிக்கப் போகிறேன், பொய்யை அங்கேதான் சொன்னேன். ஆனால் நீ படித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. உன் மாமனுக்குக்கூட இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. போன தடவை ஊரில் எல்லாருக்கும் தெரிந்து கடைசியாக உனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை நீதான் முதல்.

வரணுமா என்று கேட்டாயே. உன் இஷ்டம் என்று நான் சொன்னதை அழித்துவிடு. உங்கம்மா வரச் சொன்னாள்டா. ஒரு வருஷம் கழித்துச் சொல்கிறேன். வா.

உன் நைனா